பத்தேகால் இஞ்சு வாசக்கால்

பார்த்தசாரதிக்கு மறைமலைநகரில் வேலை. லாரிகளுக்கு இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கிற கம்பெனி. கடைகிறவர்கள் வேறு. அவர்கள் கடைந்து வைத்ததை எடுத்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து, உதட்டைப் பிதுக்கி, ஓரத்தில் சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போடுவதுதான் இவர் வேலை. ஒரு தலைமுடி அளவு கூடினாலும் குறி விழும், குறைந்தாலும் விழும். குறி போடுகிற நேரத்தில் மட்டும் சார் முகத்தில் ஒரு சாந்தம் வரும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

அந்தச் சாந்தத்தை அவர் கம்பெனி பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு நாலு பெண்களைப் பார்த்து நாலையும் கழித்தார். ஐந்தாவதாகப் பார்த்த தெய்வநாயகி தேறியதாக அவர் சொல்லவில்லை, இதற்குமேல் பெண் பார்க்க லீவு இல்லை என்றுதான் சொன்னார். மகன் ரோஹித்துக்குப் பேர் வைப்பதற்குள் தொட்டில் போடும் நாளே தள்ளிப்போனது. மகள் வைஷாலிக்கு மட்டும் சீக்கிரம் கிடைத்தது, அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட் என்பதால்.

தெய்வநாயகி புதுப்பட்டினத்தில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூட டீச்சர். குடியிருப்பதோ செங்கல்பட்டில், வாடகைக்கு. தினமும் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, பஸ் மாறி, கடல் பக்கம் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். பதினெட்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு. ஏழாவது வீட்டுக்காரர் உலகநாதன், சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி பதறுகிறவர். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்ட வேண்டும். இரண்டாயிரமாவது வருஷம் தீபாவளி முடிந்ததும், துபாயிலிருந்து பையன் வருகிறான், வைகாசிக்குள் வீட்டைக் காலி செய்துகொடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனியிலும் ஆடியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் வைகாசி என்றால் வைகாசிதான்.

தெய்வநாயகி அழவில்லை, சந்தோஷப்பட்டாள். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தது. லோனும் கிடைத்துவிட்டது.

"வைகாசிக்குள்ள நம்ம வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சிடணும். வேற எதுவும் நான் கேக்கல" என்றாள்.

"எழுதி வெச்சுக்கோ" என்றார் பார்த்தசாரதி.

இந்தச் சமயத்தில் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் காரியத்தைக் கெடுத்தார். கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட வந்தவர், போகும்போது நாலைந்து பழைய பத்திரிகைகளை மேஜையில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்று வீடு கட்டுகிற பத்திரிகை. பார்த்தசாரதி மத்தியானச் சாப்பாட்டோடு அதைப் பிரித்தார். வாசல் கதவின் நிலைச்சட்டம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அதில் இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தது. பூச்சு முடிந்த சுவர் எத்தனை அகலமோ அத்தனை அகலம் சட்டமும் இருக்க வேண்டுமாம். உள்ளேயும் வெளியேயும் சட்டமும் சுவரும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும், விரலால் தடவினால் இடறக் கூடாது. பார்த்தசாரதி தயிர்சாதத்தை மறந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுவரை எத்தனை தப்பான வாசல்களில் நுழைந்து வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

நம் ஊரில் ஒன்பது இஞ்சு சுவர், அதில் ஐந்து இஞ்சு வாசக்கால். ஒரு பக்கம் மட்டமாக வைத்துவிட்டு மறுபக்கம் மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அதில் சாவி வைப்போம், பால் கூப்பன் வைப்போம், யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. பார்த்தசாரதிக்கு அன்றிலிருந்து அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. போகிற வீட்டிலெல்லாம் டேப்பை எடுத்தார். கூட வேலை செய்பவரின் அப்பா இறந்து துக்கம் கேட்கப் போன இடத்தில், மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், வாசக்காலை அளந்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினார். துக்கம் தாங்காமல் ஆட்டுகிறார் என்று அந்த வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

தச்சர் அப்பாசாமிக்குச் சொந்த ஊரே புதுப்பட்டினம். அவரைக் கூப்பிட்டு, வாசக்கால் பத்தேகால் இஞ்சு அகலத்தில் வேண்டும் என்றார்.

அப்பாசாமி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மறுபடி செருகிக்கொண்டார். "இன்னா சார், கோயில் கட்றீங்களா, வூடு கட்றீங்களா? அஞ்சுக்கு மூணு போடுவோம். இந்த ஊர்ல எல்லா வூட்லயும் அதான் கீது."

"எல்லா வீட்லயும் தப்பு பண்ணியிருக்காங்க அப்பாசாமி. கல்லு ஒம்பது இஞ்சு. வெளிப்பூச்சு முக்கால், உள்பூச்சு அரை. மொத்தம் பத்தேகால்."

"கல்லு எங்க சார் ஒம்பது இஞ்சு வருது? ஒம்பதுன்னு சும்மா பேருக்கு சொல்லிகினு கீறோம். சூளைக்கு சூளை மாறும். சுவரு எழும்பட்டும், அளந்து பாத்து அறுத்துக்கலாம்."

அங்கே இருந்த தெய்வநாயகியும் அதையே சொன்னாள். ஆனால் வாசக்கால் முதலில் நிற்க வேண்டும், அதை அணைத்துத்தான் சுவர் எழும்ப வேண்டும் என்பது ஊர் வழக்கம். தை மாதத்தில் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. வெர்னியரையும் பஞ்சாங்கத்தையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிற மனிதர் பார்த்தசாரதி. இரண்டில் எதையும் அவர் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

"நான் அளந்துட்டேன்" என்றார்.

அளந்தது உண்மைதான். கருங்குழிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போயிருந்தார். சூளைக்காரர் நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, மாதிரிக்கு என்று ஒரு கல்லைத் துடைத்துக் கையில் தந்தார். அது சுத்தமாக ஒன்பது இஞ்சு இருந்தது. கம்பெனியில் சப்ளையர் கொடுக்கிற மாதிரியைப் பார்த்தசாரதி தொடக்கூட மாட்டார். காட்டுவதற்காகவே ஒன்றை நன்றாகச் செய்து வைத்திருப்பான், குவியலில் கைவிட்டு நூறை எடு என்று சின்னப் பையன்களுக்கு வகுப்பே எடுப்பார். சொந்த வீடு என்று வந்ததும் ஒரே ஒரு கல்லைக் காபியோடு நம்பிவிட்டார். இருபது வருஷ சர்வீஸ் ஒரு டம்ளர் காபியில் கரைந்தது.

அந்த அகலத்துக்கு வேங்கை மரம் தேடி அப்பாசாமி மூன்று மரவாடி ஏறி இறங்கினார். வாசக்கால் பூஜை அன்று அதைத் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். அடியில் நவதானியமும் ஒரு வெள்ளிக்காசும் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிறுத்தினார்கள். சுற்றிலும் சுவர் ஏதுமில்லாமல், இரண்டு சவுக்குக் கட்டை முட்டில், கடல் காற்றில் அது தனியாக நின்றது. பார்த்தசாரதியின் அக்கா ருக்மிணி காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தாள். கோயில்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் சாஸ்திரத்தில் அவள் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம்.

"பூஜை போட்டாச்சு. இனிமே இதுல உளி, இழைப்புளி எதுவும் படக்கூடாதுடா" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். பார்த்தசாரதி அதை மனதில் குறித்துக்கொண்டார்.

மறு வாரம் கல் லாரி வந்தது. குவியலில் கைவிட்டு எடுத்து அளந்தார். எட்டரை இருந்தது, எட்டேகால் இருந்தது, ஒன்று எட்டு. லாரியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது லாரியும் திரும்பியது. மூன்றாவது லாரிக்காரன் அவர் கையில் வெர்னியரைப் பார்த்ததும், இறக்காமலே வண்டியைத் திருப்பினான். மாசி முடிகிறவரை மனையில் வாசக்கால் மட்டும்தான் நின்றது. ஆடுகள் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. தெய்வநாயகி சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பஸ் பிடிப்பாள். கருங்குழியிலிருந்து மதுராந்தகம் வரை சூளைக்காரர்கள் அவருக்கு அளவுகாரர் என்று பேர் வைத்துவிட்டார்கள், அவருக்குக் கல் போட ஒருத்தரும் தயாரில்லை.

பங்குனியில் கம்பெனி அவரைப் புனேவுக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. ஞாயிறுதோறும் அங்கிருந்து எஸ்.டி.டி. போட்டு, "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பார். "நடக்குது" என்பாள் தெய்வநாயகி. எந்தக் கல்லை வைத்து நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் நாலு பக்கமும் சுவர் எழும்பி, மேலே தளமும் போட்டாகிவிட்டது. கொத்தனார் வரதன் தளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். பார்த்தசாரதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். பன்னிரண்டு இடத்தில் அளந்தார். சுவர் எட்டேகால், பூச்சோடு சேர்த்தால் ஒன்பதரை. வாசக்கால் பத்தேகால்.

"முக்கால் இஞ்சு வெளியில நிக்கும்" என்றார், டாக்டர் நோயைச் சொல்கிற குரலில்.

"முக்கால் தானே சார்" என்றார் அப்பாசாமி. "இழைப்புளி போட்டா மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"பூஜை போட்ட வாசக்கால்ல இரும்பு படக்கூடாது. அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்ப கதவுக்குக் கீலு? வாழநார்லயா கட்றது?"

பார்த்தசாரதி ஒரு நிமிஷம் யோசித்தார். "கீல் வந்து ஆபரணம். போடறது தப்பில்ல. இழைக்கிறதுதான் தப்பு."

அப்பாசாமி வரதனைப் பார்த்தார். வரதன், வாசக்காலை ஒட்டிப் பூச்சைக் கொஞ்சம் கனமாகப் போட்டுச் சரித்து விட்டுவிடலாம் என்றார். சுவர் முழுக்கப் பூச்சு ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்தசாரதி அதையும் கழித்தார். பிறகு தன் முடிவைச் சொன்னார். முன்சுவரை இடித்துவிட்டு ஒன்பது இஞ்சு கல்லால் மறுபடி கட்ட வேண்டும்.

"மேல தளம் கீது சார்" என்றார் வரதன். "செவுத்து மேலதான் குந்திகினு கீது."

"முட்டு கொடு."

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், முட்டு எங்கெங்கே கொடுப்பது என்று படம் போட்டு, தெய்வநாயகிக்கு நாற்பது நிமிஷம் விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"வைகாசி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆவணியில பாத்துக்கலாம். உலகநாதன்கிட்ட நான் பேசறேன்."

அவள் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஏழு நாளில் பதில் வரவில்லை என்றால் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஏழு நாள் ஆயிற்று, பதில் வரவில்லை. பார்த்தசாரதி மன நிறைவோடு கல் தேடப் புறப்பட்டார். உலகநாதனிடம் பேச மறந்துவிட்டார். கழித்த சாமானைச் சரிசெய்யும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் வழக்கம், அதனால் மனைப் பக்கமும் போகவில்லை.

கருங்குழியிலேயே, அவரைப் பற்றி இன்னும் கேள்விப்படாத ஒரு புதுச் சூளைக்காரர் அகப்பட்டார். பச்சைக் கல் காயும்போது சுருங்கும், வேகும்போதும் சுருங்கும், எனவே அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று பார்த்தசாரதி கணக்குப் போட்டுக் கொடுத்தார். மூவாயிரம் கல்லுக்குத் தனி அச்சு. கேட்ட விலையைக் கொடுத்தார். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு கருங்குழிக்கு ஓடுவார், ஞாயிறெல்லாம் அங்கேதான். சாம்பல் பூசிய முகத்தோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு அடுக்கியாயிற்று, இன்றைக்கு நெருப்பு வைத்தாயிற்று என்பார். வீட்டில் பாத்திரங்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்ததைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, சூளை பிரிக்கிறார்கள், ராத்திரி மதுராந்தகத்தில் தங்கிவிட்டு நாளைக்குக் கல்லோடு நேராக மனைக்கே வருகிறேன் என்று பையைத் தூக்கினார்.

தெய்வநாயகி வாசல்வரை வந்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க" என்றாள்.

"தெரியும். லோடு ஏத்த நல்ல நாள்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "சரி, அங்கேயே வந்துடுங்க."

கல் அவர் சொன்னபடியே வந்திருந்தது. எதை எடுத்தாலும் ஒன்பது இஞ்சு, ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாகக் குறி போட ஒன்றுமே இல்லாமல் லாரி நிறைந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியது. தெய்வநாயகி இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள், ஆவணி வரை காத்திருப்பது வீண் போகாது என்று அவளே சொல்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு லாரி புதுப்பட்டினம் மார்க்கெட்டைத் தாண்டித் திரும்பியது. தெருவில் வாழைமரம் கட்டியிருந்தது. யார் வீட்டு விசேஷமோ, கல் இறக்க இடைஞ்சல் என்று முகம் சுளித்தார். வண்டி இன்னும் கொஞ்சம் போனதும் வாழைமரம் தன் வாசக்காலின் இரண்டு பக்கமும் நிற்பது தெரிந்தது. வாசலில் செருப்புக் குவியல். உள்ளிருந்து நெய் வாசனை வந்தது. உலகநாதன் வெற்றிலையை மென்றபடி வெளியே வந்து, "வாங்க சார், கல்யாணமண்டபத்துல கூட இப்படி ஒரு வத்தக்குழம்பு கிடையாது" என்றார்.

பார்த்தசாரதி லாரியிலிருந்து இறங்கி வாசக்காலிடம் போனார். சுவர் பூசி வெள்ளையடித்திருந்தது. கட்டை விரல் நகத்தை வெளிப்பக்கம் சுவரிலிருந்து மரத்துக்கு ஓட்டினார். இடறவில்லை. கையை மட்டும் உள்ளே விட்டு அந்தப் பக்கம் தடவினார். அங்கேயும் இடறவில்லை. மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். பத்திரிகையில் பார்த்த படம் அப்படியே அவர் முன்னால் நின்றது.

"இழைச்சீங்களா? இரும்பு பட்டுடுச்சா?" என்று கேட்டார்.

ருக்மிணி அக்கா பட்டுப்புடவையில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியா? முகூர்த்தம் ஏழரைக்கே முடிஞ்சுபோச்சுடா. நீ இல்லன்னு நானும் அத்திம்பேரும்தான் மணையில உக்காந்தோம். இழைக்கிறதா? தெய்வா போன் போட்டுக் கேட்டா. மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டு இழைச்சுக்கோன்னேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

அப்பாசாமி பந்தியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானம்கூட ஆவல சார், காலையிலயே முடிஞ்சிடுச்சு" என்றார். அதில் குத்தல் இல்லை, தொழில் பெருமைதான். அதனால்தான் அதிகமாக வலித்தது.

தெய்வநாயகி வந்தாள். புதுப்புடவை, கையில் பாயச டம்ளர். பின்னால் ரோஹித்தும் வைஷாலியும் நின்றார்கள். ரோஹித் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். ஹாலில், சுவரின் நடுவில், ஆணி அடித்துக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்காகக் காத்திருந்திருக்கலாமே தெய்வா" என்றார் பார்த்தசாரதி. ஊரையே கழித்த மனிதர், கழிக்கப்பட்டவர் போல வாசலுக்கு வெளியே நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"பதினெட்டு வருஷம் காத்திருந்தேங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "நேத்துகூட வாசல்ல நின்னு சொன்னேன்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

லாரி டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டி எட்டிப் பார்த்தான். "அண்ணாத்த, கல்ல எங்க எறக்கறது? அடுத்த லோடு கீது."

பார்த்தசாரதி மனைவியைப் பார்த்தார். தெய்வநாயகி லாரியைப் பார்த்தாள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் மூவாயிரம் கல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது. அவளுக்கே அது அழகாகத்தான் பட்டது.

"பின்னால எறக்கச் சொல்லுங்க" என்றாள். "காம்பவுண்டு சுவருக்கு ஆகும். அதை நீங்களே பக்கத்துல நின்னு, ஒவ்வொரு கல்லா அளந்து கட்டுங்க. அதுக்கு எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."